கண்ணாடிப்பூட்டின் மூன்றாம் பதிப்பு

எங்கள் பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவரை மாணவர்கள் பூட்டு மேடம் என்று அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான். ஒரு நாள் ஒருவன் வாய்தவறி நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட, "சொல்லுப்பா, எந்தப் பூட்டு மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் ஒளித்து அழைக்கவில்லை. நான் பக்கத்துக் கட்டடத்தில் கணக்கு நடத்தியவன். தேநீர் இடைவேளையில் ஆய்வக வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்போம். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது, மீதி அவர் சொன்னது.

பாடத்திட்டத்தில் குறியாக்கம் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு செய்தியை வேறு யாருக்கும் புரியாதபடி மாற்றி அனுப்புவதும், உரியவர் மட்டும் அதைத் திறந்து படிப்பதும் எப்படி என்பதுதான் விஷயம். பாடப்புத்தகத்தில் சில அம்புக்குறிகளும் ஒரு சூத்திரமும் இருக்கும். பையன்கள் அதை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கக்கிவிட்டுப் போவார்கள். மேடத்துக்கு இது பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினார். அதில் ஒரு சொல்லைத் தட்டினால், ஒவ்வொரு எழுத்தும் எந்தப் படியில் எப்படி உருமாறுகிறது என்பது திரையில் நகர்ந்து காட்டும். நிறுத்தலாம், பின்னால் போகலாம், சாவியை மாற்றிப் பார்க்கலாம். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிவதால் கண்ணாடிப்பூட்டு என்று பெயர் வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று அதன் நிரலை இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டார்.

எங்கெங்கோ இருந்த ஆசிரியர்கள் அதை எடுத்தார்கள். கூடவே வேலை செய்யவும் சிலர் வந்தார்கள். வந்தவர்களில் கடைசிவரை நின்றவர் ஒருவர்தான். வேறொரு ஊரில் வங்கிக்கு மென்பொருள் எழுதுபவர். காணொளி அழைப்பில் முகத்தில் பாதி தாடியாகத் தெரிவார். அவருக்குத் தாடிக்காரர் என்றே பெயர். மேடமும் அவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் மேடம் ஒரு வளர்ச்சித் திட்டம் எழுதுவார். அடுத்து என்ன செய்யப்போகிறோம், யார் செய்வது, எதைத் தள்ளிப்போடுகிறோம், ஏன். அதுவும் நிரலோடு சேர்ந்து பொதுவில் இருக்கும். அதில் ஒரு வரியை மாற்றினாலும், யார் மாற்றினார்கள், முன்பு என்ன இருந்தது என்பது பதிவாகிவிடும். மேடத்துக்கு அது பிடித்திருந்தது. "ஒளிச்சு வைக்கிறதைப் பத்தி சொல்லித் தர்ற இடத்துல நாம எதையும் ஒளிக்கக் கூடாதுல்ல சார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் பதிப்புக்கு அவர் மூன்று வேலைகளை எழுதியிருந்தார். முதலாவது, இரண்டு சாவிப் பூட்டு. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம், திறக்கும் சாவி மட்டும் உரியவரிடம் இருக்கும். இன்று உலகம் முழுக்க இயங்குவது இந்த வகைதான். ஆனால் நிஜத்தில் சாவி என்பது பக்கம் நிறைய ஓடும் எண். பாடத்தில் மாணவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் அதைச் சில இலக்கங்களில் சுருக்கியிருந்தார். இரண்டாவது, உடைப்பு அறை. பூட்டிய செய்தி ஒன்றை உள்ளே போட்டால், சாவி இல்லாமலே அதை எப்படித் திறப்பது என்று படிப்படியாகக் காட்டும். சிறிய சாவி ஏன் உதவாது என்று புரிய இதைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் எண்ணம். மூன்றாவது, பூட்டிய செய்தி வெளியே வரும் ஒவ்வொரு திரையிலும் ஓர் எச்சரிக்கை: இது பாடத்துக்கு மட்டும், நிஜச் செய்தியை இதில் பூட்டாதீர்கள்.

தாடிக்காரருக்கு மூன்றாவது பிடிக்கவில்லை.

"திரைக்குத் திரை சிவப்புல எழுதி வெச்சா பசங்க பாடத்தைப் பாப்பாங்களா, சிவப்பைப் பாப்பாங்களா? முதல் பக்கத்துல ஒரு வரி இருக்கு மேடம். அது போதும்."

"முதல் பக்கத்தை யாரு படிக்கிறா?"

"அதைப் படிக்காதவங்க இதை மட்டும் படிச்சிடுவாங்களாக்கும். இப்பவே தாமதம். உடைப்பு அறையை முடிப்போம், மத்ததை அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

மேடம் சிரித்துவிட்டார். அரைமனதாக ஒப்புக்கொண்டு, எச்சரிக்கையை நான்காம் பதிப்புக்குத் தள்ளினார். எதைத் தள்ளினாலும் காரணத்தையும் எழுதிவைப்பது அவர் வழக்கம். "யாராவது இதை நிஜச் செய்திக்குப் பயன்படுத்திவிட வாய்ப்பு உண்டு. ஆனாலும் மூன்றாம் பதிப்பை இதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்" என்று எழுதினார்.

மூன்றாம் பதிப்பு வந்தபோது வால் என்கிற பெண் எங்கள் கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். படிக்கும்போது மேடம் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவாள், அதனால் அந்தப் பெயர். சேட்டையும் அதற்குக் குறைவில்லாமல் இருந்தது. கண்ணாடிப்பூட்டில் தவறு கண்டுபிடிப்பதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. "மேடம், உங்க பூட்டு என் பேரைப் போட்டா இளிக்குது" என்று வந்து நிற்பாள். பார்த்தால் உண்மையிலேயே ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். வேலை கிடைத்த பிறகும் புதிய பதிப்பு வந்தால் முதல் ஆளாக எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்புவாள்.

அவளுக்கு வேலை ஒரு பெயின்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில். கலவைக்கூடத்துக் காற்றை மாதிரி எடுத்து, அதில் நரம்பைக் கெடுக்கும் கரைப்பான் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்த்து எழுதுவதும் அவள் பொறுப்பு. அவள் எழுதும் அளவு ஒன்று, மேலதிகாரி கையெழுத்திட்டு வெளியே போகும் அறிக்கையில் இருப்பது அதைவிடக் குறைவான வேறொன்று. முதலில் தன் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாளாம். பிறகு கலவைக்கூடத்துப் பெண்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒருத்தர் டம்ளரைப் பிடித்திருக்கும்போதே நழுவ விட்டார். இன்னொருத்தருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துபோனது. அங்கே நெடுநாளாக வேலை செய்த ஒரு அக்காவுக்குப் பாதத்தில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

வால் ஒரு தொழிலாளர் பத்திரிகையின் நிருபரைப் பிடித்தாள். உண்மையான அளவுகளை அனுப்புவதாகச் சொன்னாள். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அளவுகள் இருந்ததோ சோதனைக்கூடத்துக் கணினியில். கூட வேலை செய்பவர்களுக்கு வேடிக்கை காட்ட அதே கணினியில் அவள் கண்ணாடிப்பூட்டை ஏற்றி வைத்திருந்தாள். நிருபரையும் அதை இறக்கிக்கொள்ளச் சொல்லி, அவருடைய பூட்டும் சாவியை வாங்கிக்கொண்டாள். அளவுகளையும், யார் யாருக்கு உடம்பில் என்னென்ன என்பதையும் தட்டி, பூட்டி, மின்னஞ்சலில் அனுப்பினாள். தட்டியதை உடனே அழித்துவிட்டாள்.

ஆலையின் கணினிகளைப் பராமரித்தவர் கண்ணில் அந்த அஞ்சல் பட்டது. வெறும் எண்களாக இருந்தது. அவள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கண்ணாடிப்பூட்டு இருந்தது. அதிலேயே உடைப்பு அறையும் இருந்தது. உள்ளே போட்டார். அவர் கொண்டுவந்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் திறந்துவிட்டதாகப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார்.

இதெல்லாம் மேடத்துக்குத் தெரியாது. ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆய்வக வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். வாலின் அம்மா. மேடம் வெளியே வந்ததும் அந்த அம்மா கும்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"அவளைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"யாரு? எங்க?"

"போலீஸ்ல. ஆலை ரகசியத்தைத் திருடி வேற ஆலைக்கு வித்தாளாம். எம்பொண்ணு யாருக்கு என்னத்தை வித்தா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏதோ பூட்டு போட்டுத்தான் அனுப்பினேன்மா, யாராலயும் படிக்க முடியாதுன்னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. எங்க மேடத்தோட பூட்டுன்னு சொன்னா. நீங்க குடுத்த பூட்டுதானே அது?"

உள்ளே மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வகுப்பை முடித்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா போய்விட்டிருந்தார். மேடம் அதே இடத்தில் நின்றிருந்தார்.

சிறையில் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்க அலையாய் அலைந்தார். ஒரு வழியாகக் கிடைத்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வால் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடுறியா?" என்று மேடம் கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றார் என்னிடம்.

"சாப்பிடுறேன் மேடம்."

"அது பாடத்துக்குச் செஞ்சதுடி. சின்ன சாவி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உடைப்பு அறையை நானே சோதிச்சுப் பாத்திருக்கேனே." வால் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அவசரத்துல கைக்குக் கிடைச்சது அதுதான். பூட்டினதும் திரை முழுக்க எண்ணா வந்துச்சு. அதைப் பாத்ததும் ஒரு தைரியம். என்னைப் பத்தி ஒண்ணும் இல்ல மேடம். அக்கா பேரை அதுல எழுதிட்டேன். அவங்களுக்கு என்னென்ன ஆயிருக்குன்னு அவங்க சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பூட்டு இல்லன்னா பேரை எழுதியிருக்கவே மாட்டேன்."

அக்காவை ஆலை, அஞ்சல் உடைபட்ட அன்றைக்கே வேலையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டிருந்தது. மேடம் அவரைத் தேடிப் போனார். மாடிப்படிக்கு அடியில் ஓர் ஒற்றை அறை. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டுவிட்டுப் போனாள்.

"அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்குமே" என்றார் அக்கா. "நான்தான் பேரைப் போடச் சொன்னேன். பேரில்லாம மொட்டையா எழுதினா எவன் நம்புவான்னு கேட்டேன். இதை அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

மேடத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அடுத்த முறை சிறைக்குப் போனபோது முதல் வேலையாக அதைச் சொன்னார்.

"அக்கா அப்படிச் சொல்லவே இல்ல மேடம்" என்றாள் வால். "பேரைப் போட்டுடாதேன்னுதான் சொன்னாங்க. என் மனசு ஆறணும்னு மாத்திச் சொல்லியிருக்காங்க."

வழக்கு விசாரணைக்கு வந்தது. வாலுக்காக வாதாடிய வக்கீலம்மா மேடத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அவர் எண்ணம் நேரானது. ரகசியத்தை விற்கிற திருடி யாரும் மாணவர்களின் பாடப் பூட்டைப் போட்டு அனுப்ப மாட்டாள், இதை அந்தப் பூட்டைச் செய்தவரே வந்து சொன்னால் வழக்கு ஆட்டம் காணும்.

அந்த வாரம் தாடிக்காரர் அழைத்தார். மேடத்தின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கை கழுவிக்கொண்டே அவரும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"மேடம், திட்டத்துல ஒரு வரி இருக்கே. நிஜச் செய்திக்குப் பயன்படுத்திவிட வாய்ப்பு உண்டுன்னு. அதை எடுத்துடலாமா?"

"எடுத்தா, எடுத்தேன்னும் பதிவாகுமே."

"பதிவையும் சேர்த்துத் துடைக்க வழி இருக்கு. ராத்திரியோட ராத்திரியா நான் முடிச்சிடுறேன். நான்தானே தள்ளிப் போடச் சொன்னேன்."

மேடம் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். கணவர் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"துடைச்சா என்னம்மா? அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே?"

"எத்தனையோ பேர் பிரதி எடுத்து வெச்சிருக்காங்க. நம்மகிட்ட இருக்கறதை மட்டும் துடைச்சா, ஏன் துடைச்சேன்னு கேப்பாங்க. அது இன்னும் மோசம்."

"அப்ப பிரதி இல்லன்னா துடைச்சிருப்பியா?"

"துடைச்சிருப்பேன்" என்றாராம் மேடம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாட்சி சொன்ன அன்று நான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் மேடம் தெளிவாகப் பதில் சொன்னார். சின்ன சாவி என்றால் என்ன, ஏன் அது யாருக்கும் தாக்குப்பிடிக்காது என்று அவர் விளக்கியபோது நீதிபதிகூடக் குறிப்பெடுத்துக்கொண்டார். வாலின் அம்மா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். சாந்தமான மனிதர். கையில் அந்தத் திட்டத்தின் அச்சுப்பிரதி.

"யாராவது இதை நிஜச் செய்திக்குப் பயன்படுத்திவிட வாய்ப்பு உண்டு. இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"அப்ப இது வெறும் பாடப் பூட்டு, யாரும் ரகசியம் அனுப்ப எடுக்க மாட்டாங்கன்னு இப்ப சொன்னீங்களே?"

"எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். எடுத்துடுவாங்களோன்னு பயந்தேன். அதைத்தான் எழுதி வெச்சேன்."

"பயந்தும் வெளியிட்டீங்க."

"வெளியிட்டேன்."

"உங்க மாணவி, உங்க பக்கத்துலயே இருந்து இதைச் சோதிச்சுக் குடுத்தவங்க. இதுல ரகசியம் பூட்டி அனுப்பலாம்கிற நினைப்பு உங்களுக்கே இருக்கும்போது அவங்களுக்கு இருக்காதா?"

வக்கீல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அவ்வளவுதான் ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

விற்றாள் என்பது நிற்கவில்லை. ஆனால் ஆலைக்குச் சொந்தமான தகவலைத் தெரிந்தே மறைத்து வெளியே அனுப்பினாள் என்று தீர்ப்பானது. சிறைத்தண்டனை. அவள் அனுப்பிய அளவுகள் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டவை, அவற்றைக் கணக்கில் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. நிருபர் எழுதிய கட்டுரையைப் பத்திரிகை போடவில்லை. கலவைக்கூடத்துக்கு வேறு பெண்கள் வந்தார்கள்.

அக்கா அந்த மழைக்காலம் தாண்டவில்லை. காய்ச்சல் என்றுதான் சான்றிதழில் இருந்தது. அந்தச் செய்தியை வாலிடம் யார் கொண்டுபோவது என்று வந்தபோது அவள் அம்மா மறுத்துவிட்டார். மேடம்தான் போனார். வால் கேட்டுவிட்டு, "சரி மேடம், நீங்க கிளம்புங்க" என்றாளாம். நேரம் இன்னும் மிச்சமிருந்தது. அவளே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆய்வகத்துக் கணினிகள் எல்லாவற்றிலிருந்தும் கண்ணாடிப்பூட்டை நீக்கச் சொன்னார்கள். மேடமே வரிசையாக உட்கார்ந்து நீக்கினார். குறியாக்கப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பழையபடி சூத்திரமும் அம்புக்குறியும் வந்துசேர்ந்தன.

ஆனால் மென்பொருளை அவர் விடவில்லை. நான்காம் பதிப்பின் திட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வேலையை எழுதினார். ஒருவர் எதைப் பூட்டினாலும், பூட்டியது கையில் கிடைப்பதற்கு முன்னால், அவர் கண் முன்னாலேயே மென்பொருள் அதை உடைத்துக் காட்ட வேண்டும். பூட்டியவர் எழுதிய சொல் எழுத்தெழுத்தாகத் திரும்ப வந்து திரையில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போக வழி இருக்கக் கூடாது. தாடிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் அதில் பெரும்பகுதியைத் தானே எழுதிக் கொடுத்தார். வெளியிட்ட அன்று, இனி என்னால் வர முடியாது மேடம் என்று செய்தி அனுப்பிவிட்டு விலகினார். மேடம் அவரைத் தடுக்கவில்லை.

ஆசிரியர்கள் பலருக்கு நான்காம் பதிப்பு எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு முறையும் உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது, அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள் என்று எழுதினார்கள். பாதிப்பேர் பழைய மூன்றாம் பதிப்புக்கே திரும்பிவிட்டார்கள். பொதுவில் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது. அது இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. யாருடைய கணினியில், எதற்கு என்று மேடத்துக்குத் தெரிய வழியில்லை.

வால் வெளியே வந்து, அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு மேடம் ஒரு சனிக்கிழமை போனார். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டார். வெட்டிய அட்டைகள் தலைக்கு மேல் அடுக்கியிருந்த ஒரு நீளமான கூடம். வால் மேசையருகே நின்று அட்டையை மடித்து, விளிம்பில் பசை தடவி, அழுத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தாமலே தலையசைத்தாள்.

"உடையறதைக் காட்டுதாமே இப்ப" என்றாள், பசை தடவிக்கொண்டே.

"ஆமா. யாரு சொன்னா?"

"எப்பவோ காதுல விழுந்துச்சு."

"நீ ஒரு தடவை எடுத்துப் பாக்கறியா? உன் கண்ணுல பட்டா ஏதாவது தப்பு தெரியும்."

வால் ஒரு பெட்டியை முடித்து ஓரமாக வைத்தாள். அடுத்த அட்டையை எடுத்தாள்.

"வேணாம் மேடம். எந்தத் திரையைப் பாத்தாலும் அக்கா பேரை நான் தட்டுற மாதிரியே இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க நல்லா இருங்க. இங்க வராதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

மேடம் சரி என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் அட்டைக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு, வழி விடும்படி கேட்டபடி வந்தார். நாங்கள் இருவரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம்.